அன்னிக்: மூன்று தவணைகளில் மூடப்பட்ட ரயில் நிலையம்

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லைக்கு ஏறத்தாழ முப்பது மைல் தெற்கே ஒரு சிற்றூர் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தால் அதன் பெயர் ஆல்ன்விக். ஊர்க்காரர்கள் சொல்வது அன்னிக். அவர்கள் வாய்ச்சொல்லையே இங்கே நானும் எடுத்துக்கொள்கிறேன். எட்டாயிரம் சொச்சம் பேர் வாழும் இந்த ஊரின் தெற்கு முனையில், கல்லால் கட்டிய பெரிய ரயில் நிலையம் ஒன்று நிற்கிறது. அதன் பரப்பளவு 32,000 சதுர அடி. இரட்டைக் கூரை, அகலமான நடைமேடைகள், கணப்பு அடுப்பு வைத்த காத்திருப்பு அறைகள் என்று ஒரு நகரத்துக்குப் போதுமான கட்டடம் அது. 1968 ஜனவரிக்குப் பிறகு அங்கே எந்தப் பயணிகள் ரயிலும் வந்து நின்றதில்லை. நிலையத்தைத் தொட்டிருந்த தண்டவாளம் மொத்தமாகப் பெயர்க்கப்பட்டுவிட்டது.

அந்த நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த கிளைப் பாதையின் நீளம் மூன்று மைல்தான். மூன்று மைல் பாதையின் முனையில் இவ்வளவு பெரிய கட்டடத்தை யார் எழுப்பினார்கள், ஏன் எழுப்பினார்கள் என்று தேடிப் போனால், பிரிட்டிஷ் ரயில்வேயின் நூறாண்டுக் கணக்கு வழக்கே விரிகிறது.

மூடப்பட்ட நிலையம் என்றதும் பிரிட்டனில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: டாக்டர் ரிச்சர்ட் பீச்சிங். நாட்டுடைமையான பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவராக 1963 மார்ச்சில் அவர் வெளியிட்ட அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது. 'பீச்சிங்கின் கோடரி' என்ற சொல் அப்போது பிறந்து, இன்றும் வழக்கில் இருக்கிறது. அன்னிக்கின் முடிவையும் அந்தக் கோடரிக் கணக்கில் சேர்த்துவிடுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. இந்த நிலையம் மூன்று தவணைகளில் மூடப்பட்டது: 1930-இல் ஒன்று, 1948-க்கும் 1953-க்கும் இடையில் ஒன்று, 1968-இல் ஒன்று. கடைசித் தவணை மட்டுமே பீச்சிங் காலத்தது. முதல் இரண்டுக்கும் விதை, இந்தப் பெரிய கட்டடம் எழும் முன்பே போடப்பட்டுவிட்டது.

ஊரின் இருப்பிடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆல்ன் என்ற சிறிய ஆற்றின் மேலே, மேட்டு நிலத்தில் அமைந்த கோட்டை ஊர் அன்னிக். 1309-இலிருந்து கோட்டை பெர்சி குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் தலைவர்தான் நார்தம்பர்லாந்து டியூக். 1840-களில் நியூகாசிலிலிருந்து வடக்கே பெரிக் வரை ரயில் பாதை போடும் திட்டம் வந்தது. பாதையைப் போட்ட கம்பெனியின் பின்னால் இருந்தவர், 'ரயில்வே ராஜா' என்று பெயர் வாங்கிய ஜார்ஜ் ஹட்சன். லண்டனையும் எடின்பரோவையும் கிழக்குக் கடற்கரை வழியாக இணைப்பதுதான் நோக்கம். அப்படிப்பட்ட பாதைக்குச் சமதளம் வேண்டும். மேட்டில் இருக்கும் ஒரு சந்தை ஊருக்காக ஏறி இறங்கிக்கொண்டிருக்க முடியாது. 1847-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது, பிரதான பாதை அன்னிக்கைத் தொடாமல் கடலோரமாகவே போய்விட்டது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் அலன்மவுத். அன்னிக்குக்குக் கிடைத்த நிலையம் அதன் அருகில்தான் அமைந்தது. ஒதுக்கப்பட்ட ஊரைச் சமாதானப்படுத்தும் விதமாக, 1850-இல் அங்கிருந்து மூன்று மைல் கிளைப் பாதை ஒன்றை மேடேற்றி அன்னிக்குக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பே ஹட்சனின் சாம்ராஜ்யம் சரிந்திருந்தது.

மாவட்டத் தலைநகரங்களையும் கோட்டை ஊர்களையும் தள்ளிவிட்டுப் போன பாதைகள் பிரிட்டன் முழுவதும் உண்டு. அப்படித் தள்ளப்பட்ட ஊர்களின் தலையெழுத்து எல்லாம் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டது: கிளைப் பாதை கிடைக்கும், கொஞ்ச காலம் நன்றாக ஓடும், பிறகு 'இது தனியாக லாபம் தருகிறதா' என்று யாராவது கேட்பார்கள்.

முப்பது ஆண்டுகள் அந்தக் கேள்வி எழவில்லை. மாறாக, ஒரு பெரிய சண்டை எழுந்தது. பிரிட்டனில் ஒவ்வொரு ரயில் பாதைக்கும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். ஒரு கம்பெனி மசோதா கொண்டுவந்தால், அந்த வட்டாரத்தைத் தன் சொத்தாக நினைக்கும் வேறு கம்பெனி எதிர் மசோதாவோடு வந்து நிற்கும். வக்கீல்களும் பொறியாளர்களும் நாடாளுமன்றக் குழுவின் முன் நாள்கணக்கில் வாதாடுவார்கள். வடகிழக்கு இங்கிலாந்தை முழுவதுமாகப் பிடித்துவைத்திருந்தது நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே. எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ் ரயில்வே. 1880-களின் தொடக்கத்தில், நியூகாசிலிலிருந்து நார்தம்பர்லாந்தின் நடுவே ராத்பரி, வூலர் வழியாக ஸ்காட்லாந்துக்குப் போகும் புதிய பாதை ஒன்று முன்மொழியப்பட்டது. அது வந்துவிட்டால் நார்த் பிரிட்டிஷ் கம்பெனிக்கு நியூகாசில் வரை தனி வழி கிடைத்துவிடும்.

நார்த் ஈஸ்டர்ன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அன்னிக்கிலிருந்து மேற்கே மலைச்சரிவில் ஏறி, வடக்கே திரும்பி, வூலர் வழியாக ட்வீட் ஆற்றங்கரையில் உள்ள கார்ன்ஹில் வரை 35 மைல் நீளத்துக்குத் தாங்களே பாதை போடுகிறோம் என்று எதிர்த் திட்டம் கொண்டுவந்தது. 1882-இல் நாடாளுமன்றம் நார்த் ஈஸ்டர்னின் பக்கம் தீர்ப்பளித்தது. 1887 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டது.

அந்தப் பாதை ஓடிய நிலத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பக்கம் செவியட் மலைகள். நடுவே ஆடு மேயும் புல்வெளி, சிதறிய பண்ணைகள், சில நூறு பேர் மட்டும் வாழும் கிராமங்கள். வழியில் எட்லிஞ்ஜம் என்ற இடத்தில் இடிந்த பழங்கோட்டை ஒன்றின் பக்கத்திலேயே அழகான கல் வளைவுப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. வூலரைத் தவிர ஊர் என்று சொல்லத்தக்க இடம் எதுவும் வழியில் இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கும் ரயில் தேவைதான். ஆனால், 35 மைல் பாதையையும் சுரங்கவழியையும் வளைவுப் பாலத்தையும் கேட்கும் அளவுக்குப் பயணிகள் அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. போட்டிக் கம்பெனியை உள்ளே விடாமல் தடுக்கப் போட்ட வேலி அது. வேலிக்குப் பயணிகள் தேவையில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த வேலியிடம் வருமானக் கணக்குக் கேட்டபோதுதான் சிக்கல் வெளியே வந்தது.

அன்னிக்கின் பெரிய நிலையம் இந்தத் தருணத்தில் எழுந்ததுதான். 1850-இல் கட்டிய பழைய நிலையம் போதாது என்று ஒதுக்கிவிட்டு, இரண்டு பாதைகள் சேரும் இடத்துக்கு ஏற்ற புதிய கட்டடத்தை 1887-இல் திறந்தார்கள். வடிவமைத்தவர் வில்லியம் பெல். 1877 முதல் 1914 வரை நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். யார்க், டார்லிங்டன் வட்டாரங்களில் ரயில் ஏறிய தலைமுறைகள் அவருடைய கூரைகளின் கீழ்தான் மழைக்கு ஒதுங்கின. கார்ன்ஹில் பாதையில் இருந்த சிறு நிலையங்களையும் கம்பெனி கஞ்சத்தனம் பாராமல் கட்டியது. அவற்றில் பல இன்று வசதியான வீடுகளாக இருக்கின்றன. வேலி என்றாலும் கண்ணுக்கு அழகான வேலியாகவே போட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கட்டடம் இவ்வளவு பெரிதாக அமைந்ததற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது: டியூக்கின் விருந்தாளிகள். கோட்டைக்கு அரச குடும்பத்தினர் வந்து தங்குவது வழக்கம். 1906 ஜூலையில் நியூகாசிலில் தம் பெயரால் அமைந்த ரயில் பாலத்தைத் திறக்க வந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் தங்கியது அன்னிக் கோட்டையில்தான். அரசர் இறங்கும் நடைமேடை ஒடுக்கமாக இருக்கக் கூடாது. இந்த விளக்கத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், அரச வருகை மட்டுமே காரணம் என்றால் நிலையத்தை 1850-இலேயே பெரிதாகக் கட்டியிருக்கலாம். அது 1887-இல் எழுந்தது என்பதே, பின்னணியில் இருந்தது கார்ன்ஹில் பாதை என்பதற்குப் போதுமான சான்று என்று நினைக்கிறேன்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் 83 அடி உயரத் தூண் ஒன்று கண்ணில் படும். உச்சியில் பெர்சி குடும்பத்துச் சிங்கம், வாலை விறைத்து நீட்டியபடி நிற்கும். நெப்போலியன் போர்கள் முடிந்து விளைபொருள் விலை சரிந்த காலத்தில் டியூக் குத்தகையைக் குறைத்தாராம். அந்த நன்றிக்குக் குத்தகைதாரர்கள் 1816-இல் எழுப்பிய தூண் இது. தூண் எழுப்பும் அளவுக்குக் கையில் பணம் இருக்கிறதே என்று டியூக் மறுபடியும் குத்தகையை உயர்த்திவிட்டார் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. 'குடியானவர்களின் மடமை' என்றே அந்தத் தூணுக்குப் பட்டப்பெயர். கதை உண்மையோ பொய்யோ, இந்த மண்ணில் எது எங்கே வரலாம் என்பதில் ஒரே குடும்பத்தின் நிழல் எவ்வளவு நீளமாக விழுந்தது என்பதை அது காட்டிவிடுகிறது.

இனி முதல் தவணை. முதல் உலகப் போர் முடிந்ததும், போர்முனையில் லாரி ஓட்டிப் பழகியவர்கள் ஊர் திரும்பினார்கள். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. நார்தம்பர்லாந்துக் கிராமச் சாலைகளில் பஸ் வந்தது. கார்ன்ஹில் பாதையின் நிலையங்களில் பல, பெயருக்கு மட்டும் அந்தந்த ஊரின் நிலையங்கள். பாதை போகும் தடத்துக்கு ஏற்ப ஊரைவிட்டுத் தள்ளியே அமைந்திருந்தன. பஸ் வீட்டு வாசலில் நின்றது. சந்தை நாளில் கூடையோடு அன்னிக்குக்குப் போகும் பெண்மணி ஈரத்தில் ஒரு மைல் நடந்து நிலையத்துக்குப் போவாரா, தெருமுனையில் பஸ் ஏறுவாரா?

1923-இல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. நார்த் ஈஸ்டர்னும் நார்த் பிரிட்டிஷும் ஒரே குடையின் கீழ், லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே என்ற கம்பெனிக்குள் போய்ச் சேர்ந்தன. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே முதலாளி! கார்ன்ஹில் பாதை எதற்காகப் போடப்பட்டதோ அந்தக் காரணமே அன்றோடு தீர்ந்துபோனது.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியமானது. மூடல் வரலாறுகளில் அதிகம் பேசப்படாதது. 1928-இல் வந்த சட்டம் ஒன்று, ரயில் கம்பெனிகள் பஸ் தொழிலில் இறங்க வழி செய்தது. மறு ஆண்டே லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன், வடகிழக்கில் பெரும் பஸ் கம்பெனியாக வளர்ந்திருந்த யுனைடெட் ஆட்டோமொபைல் சர்வீசஸில் பங்கு வாங்கியது. நார்தம்பர்லாந்துச் சாலைகளில் ஓடிய பஸ்களின் கம்பெனி அதுதான். அதாவது, ரயிலைவிட்டுப் பஸ்ஸுக்குப் போன பயணியின் காசில் ஒரு பகுதி ரயில் கம்பெனியின் பைக்கே திரும்பி வந்தது. இரண்டையும் ஓட்டுவானேன்? 1930 செப்டம்பரில் அன்னிக்குக்கும் கார்ன்ஹில்லுக்கும் இடையே பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. பாதை திறந்து 43 ஆண்டுகளே ஆகியிருந்தன. சரக்கு ரயில் மட்டும் தொடர்ந்தது.

அப்போது பீச்சிங் பதினேழு வயதுப் பையன். 1923-க்கும் 1939-க்கும் இடையில் பிரிட்டனில் பயணிகள் ரயில் இழந்த பாதைகள் 1,200 மைலுக்கு மேல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அவருடைய அறிக்கை வருவதற்கு முன்பே, இன்னும் 3,000 மைலுக்கு மேல் மூடப்பட்டுவிட்டது. கோடரி என்று ஒன்றைச் சொன்னால் அதை முதலில் தூக்கியவர்கள் ரயில் கம்பெனிகளே.

இரண்டாம் தவணையை எழுதியது மழை. 1948 ஆகஸ்டில் எல்லைப் பகுதி முழுவதும் கொட்டித் தீர்த்தது. அன்னிக்குக்கும் கார்ன்ஹில்லுக்கும் நடுவே, இல்டர்ட்டன் அருகே இருந்த பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பாதை இரு துண்டுகளானது. நாட்டுடைமையாகி ஓராண்டுகூட ஆகாத பிரிட்டிஷ் ரயில்வே அதை மறுபடி கட்டவில்லை. தெற்குத் துண்டு அன்னிக்கிலிருந்தும் வடக்குத் துண்டு கார்ன்ஹில்லிலிருந்தும் தனித்தனிக் கிளைகளாக இயங்கின. 1953 மார்ச்சில் தெற்குத் துண்டு முழுமையாக மூடப்பட்டது. வடக்குத் துண்டு 1965 வரை தாக்குப்பிடித்தது. ஆக, 1953-இல் அன்னிக் நிலையம் மறுபடியும் 1850-இல் இருந்த நிலைக்கே திரும்பியது: மூன்று மைல் கிளையின் முனை. கட்டடம் மட்டும் 1887-இன் அளவில் நின்றது.

அதே வெள்ளத்தில் நடந்த இன்னொன்றையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பெரிக்குக்கு வடக்கே பிரதான பாதையில் ஏழு பாலங்கள் போயின. லண்டன் – எடின்பரோ ரயில்கள் நின்றுபோயிருக்க வேண்டும். நிற்கவில்லை. ட்வீட் ஆற்றங்கரையோடு கெல்சோ வழியாகப் போகும் கிளைப் பாதையில், கார்ன்ஹில் நிலையத்தின் ஊடாகவே, அவை திருப்பி விடப்பட்டன. லண்டனிலிருந்து நிற்காமல் ஓடும் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன், அந்தச் சுற்றுவழியிலும் நிற்காமல் 408 மைல் ஓடிய நாட்கள் உண்டு. நீராவி ரயில் நிற்காமல் ஓடிய தொலைவில் அது பெரும் சாதனை. பிரதான பாதையின் ஏழு பாலங்களும் சில மாதங்களில் சரிசெய்யப்பட்டன. இல்டர்ட்டன் பாலம் அப்படியே விடப்பட்டது. நாட்டின் முதுகெலும்பு உடைந்த வேளையில் சுமையைத் தோளில் ஏற்றுக்கொண்ட அந்தக் கெல்சோ பாதையிலும் 1964-இல் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. ஒரு கிளைப் பாதை ஆபத்துக் காலத்தில் என்ன பெறும் என்பதை எழுதிவைக்க ரயில்வேயின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்ததே இல்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

கடைசித் தவணைக்கு வருவோம். பீச்சிங் ஐசிஐ என்ற ரசாயனக் கம்பெனியிலிருந்து வந்தவர். ரயில்வேயின் நஷ்டத்தை நிறுத்துவது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நாட்டின் மொத்தப் பாதையில் மூன்றில் ஒரு பங்கு, மொத்தப் பயணத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தை மட்டுமே சுமக்கிறது என்று அவருடைய அறிக்கை காட்டியது. அந்த எண்ணை யாராலும் மறுக்க முடியவில்லை. எண்ணை எடுத்த விதத்தில்தான் குறை. 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் எண்ணிப் பார்த்து எடுத்த கணக்கு அது. கோடையில் மட்டும் நிரம்பி வழியும் கடற்கரைப் பாதைகள் அதில் வெறிச்சோடித் தெரிந்தன.

கிளைப் பாதைகளுக்கு இதைவிடப் பெரிய அநீதி ஒன்று இருந்தது. அன்னிக்கில் ரயிலேறும் ஒருவர் மூன்று மைல் பயணத்துக்காக ஏறுவதில்லை. அலன்மவுத்தில் மாறி நியூகாசிலுக்குப் போகிறார், லண்டனுக்குப் போகிறார். முந்நூறு மைல் பயணத்தில் கிளைக்குச் சேரும் தூரம் மூன்று மைல். கட்டணத்தின் பெரும்பகுதி பிரதான பாதையின் வரவில் போய்ச் சேரும். நிலையத்தின் பராமரிப்பும் சிக்னல்காரர் சம்பளமும் கிளையின் செலவில் நிற்கும். கிளையை மூடினாலும் பயணி எப்படியாவது பிரதான பாதை நிலையத்துக்கு வந்து சேருவார் என்று அதிகாரிகள் நம்பினார்கள். காரில் ஏறி உட்கார்ந்த மனிதர் மூன்று மைலோடு இறங்குவாரா? வாய்க்காலை அடைத்தால் ஆற்றில் நீர் கூடும் என்று கணக்குப் போட்டார்கள். இங்கே நீர் வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

செலவைக் குறைத்துப் பாதையைக் காப்பாற்ற வழியே இல்லையா என்றால், இருந்தது. கிழக்கு இங்கிலாந்தில் ரயில்வே நிர்வாகியாக இருந்த ஜெரார்ட் ஃபைன்ஸ் அதைச் செய்து காட்டினார். நிலையங்களில் ஆட்களைக் குறை, டிக்கெட்டை ரயிலுக்குள்ளேயே கொடு, சிக்னல் அமைப்பை எளிதாக்கு என்பதுதான் அவருடைய யோசனை. 'அடிப்படை ரயில்வே' என்று அதற்குப் பெயர் வைத்தார். இப்ஸ்விச்சிலிருந்து லோஸ்டாஃப்ட் போகும் கிழக்கு சஃபோக் பாதை அந்த யோசனையால் பிழைத்தது, இன்றும் ஓடுகிறது. அன்னிக்கில் அப்படி ஒரு முயற்சிக்கு இருந்த பெரிய தடை அந்தக் கட்டடமே. இரட்டைக் கூரையும் 32,000 சதுர அடியும் வைத்துக்கொண்டு சிக்கனம் பேசுவது கடினம்.

மூடலை எதிர்க்க விரும்பிய மக்களின் கைகளையும் சட்டம் கட்டிப் போட்டிருந்தது. 1962-இன் போக்குவரத்துச் சட்டப்படி, பயணிகள் கலந்தாய்வுக் குழுவின் முன் ஒருவர் போய்ச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: 'ரயில் நின்றால் எனக்கு இன்ன சிரமம்.' ரயில்வே காட்டும் நஷ்டக் கணக்கு சரியா தவறா என்று அங்கே கேள்வி எழுப்ப முடியாது. எந்த எண்ணை வைத்துப் பாதையை மூடுகிறார்களோ அந்த எண்ணைப் பற்றிப் பேசவே கூடாது என்றால், அந்த விசாரணையில் என்ன மிஞ்சும்?

இதற்கிடையில் அன்னிக் கிளைக்கு வேறொரு வகையில் புகழ் வந்தது. நாடெங்கும் டீசல் வந்துவிட்ட பிறகும் இந்த மூன்று மைலில் 1966 ஜூன் வரை நீராவி எஞ்சின்கள் பயணிகள் ரயிலை இழுத்தன. கே1 வகை எஞ்சின்கள், அளவுக்கு மீறிய பலத்தோடு, இரண்டு மூன்று பெட்டிகளை மேடேற்றிக்கொண்டிருந்தன. ரயில் ஆர்வலர்கள் புகைப்படக் கருவியோடு வந்து குவிந்தார்கள். நீராவி முடிந்து டீசல் ரயில் வந்தது. அதுவும் இரண்டு ஆண்டுகூட ஓடவில்லை. 1968 ஜனவரி இறுதியில் பயணிகள் ரயில் நின்றது. அக்டோபரில் சரக்கு ரயிலும் நின்றது.

அந்த அக்டோபரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போக்குவரத்து அமைச்சராக இருந்த பார்பரா காசில் கொண்டுவந்த புதிய போக்குவரத்துச் சட்டம் 1968 அக்டோபர் 25 அன்று அரச ஒப்புதல் பெற்றது. லாபம் தராவிட்டாலும் சமூகத்துக்குத் தேவையான ரயில்களுக்கு அரசு மானியம் தரலாம் என்று முதன்முறையாகச் சொன்ன சட்டம். ரயில் என்பது கடை வியாபாரம் மட்டும் அல்ல என்று அரசு ஒப்புக்கொண்ட அதே மாதத்தில் அன்னிக்கின் கடைசிச் சரக்கு வண்டி போய்விட்டது. சில மாதங்கள் கிளை உயிரோடு இருந்திருந்தால் மானியம் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்பதற்காவது ஒரு வாசல் இருந்திருக்கும்.

பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஊரைச் சுற்றிப் போகும் ஏ1 நெடுஞ்சாலையின் புறவழிச் சாலை பழைய பாதையைக் குறுக்கே வெட்டியது. எத்தனையோ நிலையங்கள் இடிக்கப்பட்டு வண்டி நிறுத்துமிடங்களான அந்தக் காலத்தில் அன்னிக் நிலையம் எப்படித் தப்பியது? ரயிலுக்குப் பாரமாக இருந்த அதே அளவுதான் அதைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். அவ்வளவு அகலமான கூரையின் கீழ் எந்தத் தொழிலும் நடத்தலாம். நடத்தினார்கள். பின்னர் அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

1991-இல் அங்கே மேரி மேன்லி பழைய புத்தகக் கடை ஒன்றைத் திறந்தார். கட்டடத்தில் அவருடைய கணவர் ஸ்டூவர்ட் மேன்லி ஏற்கெனவே சிறு தொழிற்கூடம் நடத்திவந்தார். அதன் முன்னறையில்தான் கடை தொடங்கியது. படித்த புத்தகத்தைக் கொடுத்து வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம் என்ற பண்டமாற்று முறையால் அதற்கு பார்ட்டர் புக்ஸ் என்று பெயர். கடை வளர்ந்து, நிலையத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. காத்திருப்பு அறைகளில் மறுபடியும் கணப்பு எரிகிறது. லட்சக்கணக்கான புத்தகங்களின் அலமாரி உச்சியில் பொம்மை ரயில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

2000-இல் ஏலத்தில் எடுத்த பழைய புத்தகப் பெட்டி ஒன்றின் அடியில் ஸ்டூவர்ட் ஒரு மடித்த காகிதத்தைக் கண்டார். சிவப்புத் தாளில் கிரீடம், அதன் கீழே வெள்ளை எழுத்தில் 'கீப் காம் அண்ட் கேரி ஆன்'. கலங்காதே, உன் வேலையைப் பார் என்று பொருள் சொல்லலாம். 1939-இல் போர் வெடிக்கும் தறுவாயில் அரசின் தகவல் அமைச்சகம் 24 லட்சத்துக்கும் அதிகமான படிகள் அச்சிட்டு, கொடும் தாக்குதல் வரும்போது ஒட்டலாம் என்று எடுத்துவைத்த சுவரொட்டி. ஒட்டும் வேளை வரவே இல்லை. 1940-இல் பெரும்பாலான படிகளைக் காகிதத் தட்டுப்பாட்டுக்காகக் கூழாக்கிவிட்டார்கள். மேன்லி தம்பதி தங்களுக்குக் கிடைத்த படியைச் சட்டம் போட்டுக் கல்லாவின் அருகில் மாட்டினார்கள். வாடிக்கையாளர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதால் பிரதி அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். தேநீர்க் கோப்பை முதல் சட்டை வரை உலகமெங்கும் நாம் பார்த்துச் சலித்த அந்த வாசகம், மூடப்பட்ட இந்த ரயில் நிலையத்திலிருந்துதான் மறுபடி புறப்பட்டது.

ரயிலையும் திரும்பக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது. ஆல்ன் வேலி ரயில்வே என்ற ஆர்வலர் அமைப்பு, பழைய கிளைப் பாதையின் தடத்திலேயே மறுபடியும் தண்டவாளம் பதித்து, நீராவி ரயிலும் டீசல் ரயிலும் ஓட்டுகிறது. தன்னார்வலர்கள் கையால் ஒவ்வொரு கெஜமாக நீளும் பாதை அது. ஆனால், அவர்களால் வில்லியம் பெல்லின் நிலையத்துக்குள் ரயிலைக் கொண்டுவர முடியாது. நடுவே நெடுஞ்சாலை, ஊருக்குள் பழைய தடத்தின் மேல் கட்டடங்கள். அதனால் ஊரின் விளிம்பில், நெடுஞ்சாலைக்கு வெளியே, லயன்ஹார்ட் என்ற பெயரில் புதிய நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். தூணின் உச்சியில் நிற்கும் சிங்கத்தின் பெயர் இப்போது ரயிலுக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து அலன்மவுத்தை நோக்கிப் பாதையை நீட்டுவது அவர்களின் இலக்கு.

பிரதான பாதையில் அலன்மவுத் நிலையம் இன்றும் திறந்திருக்கிறது. லண்டன், எடின்பரோ ரயில்கள் அங்கே நிற்கின்றன. அதன் பெயர்ப்பலகையில் 'அலன்மவுத்' என்று மட்டும் இருக்காது. 'அன்னிக்குக்கு இங்கே இறங்கவும்' என்ற பொருளில் அன்னிக்கின் பெயரும் சேர்ந்தே இருக்கும். அங்கே இறங்கி, வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.